கூரியர் பிடிக்கும் முன் யாரிடம், எதை, எப்படி விசாரிப்பது: வேலூர் பக்கத்தாருக்கு ஒரு முழு வழிகாட்டி

"வேலூர்ல எந்த கூரியர் நல்லா இருக்கும்?" என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் வரும். ஒருவர் மெச்சும் அதே பேரை இன்னொருவர் திட்டுவார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் சென்னைக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பியவர், மற்றவர் மேற்கு வங்காளத்து மால்டாவுக்கு மருந்துப் பெட்டி அனுப்பியவர்.

பெரும்பாலான கூரியர் கிளைகள் ஃபிரான்சைஸ் முறையில் நடப்பவை. பலகையில் ஒரே பேர் இருந்தாலும், இங்கே புக்கிங் எடுப்பவர் ஒருவர், அங்கே கொண்டுபோய்க் கொடுப்பவர் வேறொருவர். அதனால் "எந்த கம்பெனி" என்று பொதுவாகக் கேட்டு வாங்கும் ஆலோசனை எதற்கும் உதவாது. இந்தப் பொருள், இந்த எடை, இந்த பின்கோடு என்று வைத்துக் கேட்டால்தான் பிடிமானமான பதில் கிடைக்கும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டிய தகவலைத் தருகிறது.

கையில் இருக்க வேண்டியவை: அளக்கும் டேப், எடைத் தராசு (வீட்டில் இல்லாவிட்டால் மளிகைக் கடையில் ஒரு நிமிட வேலை), பெறுபவரின் முழு முகவரி, பகலில் எடுக்கிற போன் நம்பர், பொருளின் பில்.

1. முதலில் பெட்டியை அளந்து கொள்ளுங்கள்

யாரையும் கேட்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். பெட்டி அளவு தெரியாமல் கேட்டால், "கிலோவுக்கு இவ்வளவு" என்ற பதிலை வைத்துக்கொண்டு கவுன்டருக்குப் போய் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு வருவீர்கள்.

காரணம் வால்யூம் வெயிட். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. வரும் எடை, தராசு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு.

விஐடி விடுதியைக் காலி செய்யும் பையன் தலையணையும் துணியும் அடைத்த ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். 45 × 35 × 30 என்றால் 47,250. 5000-ஆல் வகுத்தால் 9.45. தராசில் 6 கிலோதான். அரை கிலோ படியில் ஏற்றினால் பில்லில் விழுவது 9.5 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் போட்ட கணக்கு 360. கவுன்டரில் 570, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 672 ரூபாய் 60 காசு. வகுக்கும் எண் 5000-க்குப் பதில் 4000 என்று வைத்திருக்கும் இடத்தில் இதே பெட்டி 11.8 கிலோ, அதாவது 12. அதனால் "கிலோ எவ்வளவு" என்பதோடு "எதால வகுக்கிறீங்க" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

துணியை அட்டைப் பெட்டியில் போடாமல் இறுக்கிக் கட்டிய பையில் போட்டால் வால்யூம் பாதியாகக் குறையலாம். உடையும் பொருளுக்கு இது பொருந்தாது.

2. பொருள் எந்த வகை என்று தீர்மானியுங்கள்

ஏர் (விமானம்), சர்ஃபேஸ் (தரைவழி) என்று இரண்டு வழி. பவர் பேங்க், தனி பேட்டரி, சென்ட், ஸ்ப்ரே, தின்னர், நெயில் பாலிஷ் இவை ஏரில் ஏறாது. மறைத்து வைத்தால் ஸ்கேனில் மாட்டி நடுவழியில் நிற்கும். குடியாத்தம் பக்கத்தார் கவனிக்க: தீப்பெட்டி, சாம்பிளுக்கு ஒரு பண்டலாக இருந்தாலும், கூரியரில் போடக் கூடாத பொருள். ரொக்கப் பணமும் நகையும் சாதாரண கூரியருக்கு ஆகாது.

சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து போகும் குடும்பங்கள் அனுப்பும் மருந்துப் பார்சலுக்குள் மருந்துச் சீட்டு நகலும் பில் நகலும் வையுங்கள். சிரப் பாட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திரவம் என்றாலே சில கவுன்டரில் எடுக்க மாட்டார்கள். இன்சுலின் மாதிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டியதை சாதாரண கூரியரில் போடவே வேண்டாம். அதை ஊருக்குப் போய் வாங்குவதே நல்லது. ரிப்போர்ட் அசல் அனுப்புகிறீர்கள் என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

விற்பனைச் சரக்கு என்றால் இ-வே பில், அதாவது சரக்கை எடுத்துப் போக இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு, வேண்டும். மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சம் ரூபாய்க்கு மேல்.

3. பின்கோடைச் சரிபாருங்கள்

தாமதமாகும் பார்சல்களில் பலதை கூரியர்காரர் தாமதிப்பதில்லை. அனுப்புகிறவர் எழுதிய ஆறு இலக்கம்தான் தாமதிக்கிறது. பின்கோடின் முதல் மூன்று இலக்கம், தபாலைப் பிரிப்பதற்கான எந்த மாவட்டம் என்று சொல்வது. பழைய வட ஆற்காட்டில் இது ஒரே எண் கிடையாது. குடியாத்தம் 632602, ராணிப்பேட்டை 632401. ஆனால் ஆம்பூர் 635802, வாணியம்பாடி 635751. அரக்கோணம் 631001.

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் "ஆம்பூர், வேலூர் மாவட்டம்" என்று எழுதி 632001 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலூருக்குள்ளேயே எல்லாவற்றுக்கும் 632001 போடுவதும் தப்பு. காட்பாடி 632007, சத்துவாச்சாரி 632009, காந்தி நகர் 632006.

ஒரே பேர் உள்ள ஊர்கள் இன்னொரு குழி. நம் திருப்பத்தூர் 635601, சிவகங்கை பக்கத் திருப்பத்தூர் 630211. பட்டு நெய்யும் ஆரணி 632301, திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி 601101. கவுன்டரில் ஊர் பேரைத் தட்டியதும் திரையில் முதலில் வருவதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். பின்கோடை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

4. விசாரணையைப் பெறுபவர் ஊரில் தொடங்குங்கள்

எல்லோரும் தலைகீழாகச் செய்யும் படி இதுதான். இங்கே கவுன்டர்காரர் சிரித்துப் பேசுகிறாரா, கடை ஏசி போட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்சல் கெடுவது பெரும்பாலும் கடைசி ஐந்து கிலோமீட்டரில். அங்கே என்ன நடக்கிறது என்பது அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும்.

பெறுபவருக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். "உங்க வீட்டு வாசலுக்கு எந்த கூரியர் ஆள் வர்றார்? எது வந்தா நீங்க ஆபீசுக்குப் போய் வாங்க வேண்டியிருக்கு? போன மூணு மாசத்துல எது திரும்பிப் போச்சு?" மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் மதிப்பு மிக்கது. "நல்லா இருக்கு" என்பது வெறும் அபிப்பிராயம். "தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணு டோர் லாக்குன்னு போட்டுத் திருப்பிட்டாங்க, நான் வீட்லதான் இருந்தேன்" என்பது தகவல்.

அவருக்கும் தெரியாவிட்டால் அந்த ஊர் மருந்துக் கடை அல்லது செல்போன் கடையில் விசாரிக்கச் சொல்லுங்கள். தினமும் பார்சல் வாங்கும் கடைகள் அவை.

கிராமம், மலை என்றால் இந்தப் படியிலேயே முடிவு கிடைத்துவிடும். ஜவ்வாது மலை, பீஞ்சமந்தை, ஏலகிரி போன்ற இடங்களைத் தனியார் கூரியர் பல சமயம் ஓடிஏ என்று வைத்திருக்கும், அதாவது டெலிவரி எல்லைக்கு வெளியே. கூடுதல் கட்டணம், அல்லது கீழே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கெல்லாம் தபால்காரர் போகிறார். ஸ்பீட் போஸ்ட் 35 கிலோ வரை எடுக்கும். பேச்சை அத்தோடு விடலாம்.

5. இங்கே யாரைக் கேட்பது

உங்கள் பொருளைப் போன்ற ஒன்றை, உங்கள் திசைக்கு, வாரத்தில் பல முறை அனுப்புகிறவரைத் தேடுங்கள். வேலூர் பக்கம் அப்படிப்பட்டவர்கள் அதிகம்.

வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் பக்கம் என்றால் இடா ஸ்கடர் ரோடு, காந்தி ரோடு மருந்துக் கடைகளும் லாட்ஜ் வரவேற்பில் இருப்பவர்களும். ஊருக்குத் திரும்பிய நோயாளிக்கு மருந்து அனுப்புவது அவர்களுக்குப் பழகிய வேலை. எந்தத் திசைக்கு எத்தனை நாள் ஆகிறது என்று விரல் விட்டுச் சொல்வார்கள்.

டெல்லி, ஐதராபாத் பக்கம் விடுதிச் சாமான் என்றால் காட்பாடியில் கல்லூரியை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகள். ஆனால் அவர்களில் பலர் தாங்களே புக்கிங் எடுப்பவர்கள், அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

ஆக்ரா, கான்பூர், நொய்டா, வெளிநாடு என்றால் ஆம்பூர், ராணிப்பேட்டை தோல், காலணிக் கம்பெனிகளில் சாம்பிள் அனுப்பும் டெஸ்பாட்ச் ஆட்கள். வெளிநாட்டுக் கூரியரின் காகித வேலை இவர்களுக்குத் தெரிவது போல மற்றவர்களுக்குத் தெரியாது.

நோட்டீஸ், பத்திரம் என்றால் வக்கீல் குமாஸ்தா. சட்ட அறிவிப்புக்குத் தனியார் கூரியரை அவர் சொல்லவே மாட்டார். தபால் ரசீதுக்கு உள்ள மதிப்பு வேறு. 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. இப்போது ஸ்பீட் போஸ்ட்டில் "ரெஜிஸ்ட்ரேஷன் வேணும்" என்று சொல்லிப் போட வேண்டும். அது இருந்தால் முகவரிதாரர் கையிலோ அவர் எழுதிக் கொடுத்த ஆளிடமோதான் தருவார்கள். ஓடிபி சொன்னால்தான் கொடுப்பது என்ற வசதியும் இருக்கிறது. இரண்டுக்கும் தலா 5 ரூபாயும் ஜிஎஸ்டியும். சொல்லாமல் விட்டால் சேர்க்க மாட்டார்கள்.

கேட்கக் கூடாதவர் ஒருவர்: நான்கைந்து கம்பெனிப் பலகை மாட்டியிருக்கும் புக்கிங் ஏஜென்ட். அவர் சொல்வது அன்றைக்கு எதில் கமிஷன் அதிகம் என்பதாக இருக்க வாய்ப்பு உண்டு. அவரிடம் புக்கிங் கொடுங்கள், யோசனை கேட்காதீர்கள்.

6. கேள்வியை இப்படிக் கேளுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் "நல்ல கூரியர் சொல்லுங்க" என்று போட்டால் பேர் மட்டும் வரும். இதை அப்படியே எடுத்து உங்கள் விவரத்தை மாற்றிப் போடுங்கள்:

"அண்ணா, காட்பாடியிலிருந்து ராஞ்சி 834001-க்கு 4 கிலோ மருந்துப் பெட்டி, 30 × 25 × 20. சர்ஃபேஸ் போதும். கடைசியா நீங்க அந்தப் பக்கம் எப்போ அனுப்பினீங்க, எத்தனை நாள் ஆச்சு, வீட்டுக்கே வந்துச்சா? ஏதாவது ஒண்ணு தொலைஞ்சுதா, தொலைஞ்சப்போ யார் போன் எடுத்தாங்க?"

கடைசிக் கேள்வியை விடாதீர்கள். எல்லாக் கம்பெனியிலும் பார்சல் சிக்கும். சிக்கியபோது கிளையில் ஆள் போன் எடுத்தாரா என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

மூன்று பேர் பதில் வந்தால் போதும். மூன்றும் ஆறு மாதத்துக்கு உள்ளான அனுபவமாக இருக்க வேண்டும். ஃபிரான்சைஸ் கை மாறினால் பழைய நல்ல பேரும் கெட்ட பேரும் சேர்ந்து போய்விடும்.

7. இணைய விமர்சனத்தை எப்படிப் படிப்பது

கம்பெனியின் மொத்த நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். மேப்பில் பெறுபவர் ஊர்க் கிளையைத் தேடி, அதைப் படியுங்கள். "புதியது முதலில்" என்று வரிசைப்படுத்துங்கள்.

ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களில் பெரும்பாலோர் ஆன்லைனில் ஏதோ வாங்கிக் காத்திருந்தவர்கள். அவர்கள் கோபம் சில சமயம் விற்றவன் மேல் இருக்க வேண்டியது. அதை ஒதுக்கிவிட்டு "கதவு பூட்டி இருந்ததாகப் போட்டார்கள்", "ஆபீசுக்கு வரச் சொன்னார்கள்", "போன் எடுக்கவில்லை" என்ற மூன்று வாசகம் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். வெவ்வேறு மாதங்களில் ஒரே புகார் வந்தால் அது அந்தக் கிளையின் வழக்கம். ஒரே வாரத்தில் பத்துப் பேர் ஐந்து நட்சத்திரமும் "சூப்பர் சர்வீஸ்" என்ற ஒரே வார்த்தையும் போட்டிருந்தால் கடந்து போங்கள்.

"இந்தியாவின் சிறந்த பத்து கூரியர்" வகைப் பட்டியல்கள் பல, புக்கிங் தளங்கள் தங்களுக்காகவே எழுதிக்கொள்பவை.

8. கவுன்டரில் கேட்டுச் சரிபார்க்க வேண்டியவை

இப்போது உங்களிடம் இரண்டு கம்பெனிப் பேர் மிஞ்சியிருக்கும். இரண்டு கவுன்டருக்கும் போங்கள்.

சாயங்காலம் வண்டி எத்தனை மணிக்கு மூட்டை எடுக்கிறது? ஆறரைக்கு எடுத்துவிட்டால், ஏழு மணிக்கு நீங்கள் போட்டது மறுநாள் கணக்கு. "ரெண்டு நாள்" என்று சொன்னது மூன்றாவதற்கு இதுதான் சாதாரணக் காரணம். இங்கிருந்து மூட்டை சென்னை ஹப் (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையம்) போகிறதா, பெங்களூரு ஹப் போகிறதா என்றும் கேளுங்கள். வடக்கே போவதற்கும் மேற்கே போவதற்கும் பதில் மாறினால் ஆள் விஷயம் தெரிந்தவர். "அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும் சார்" என்றால் டிராக்கிங் நின்றபோதும் அதே பதில்தான் வரும்.

பெறுபவர் ஊர்க் கிளையின் போன் நம்பர் தர முடியுமா என்று கேட்டு, அங்கேயே நின்று அழையுங்கள். அது யாராவது எடுக்கும் நம்பரா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மொத்தத் தொகையை எரிபொருள் கட்டணம், ஜிஎஸ்டி, ஓடிஏ எல்லாம் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள்.

ஸ்கூட்டர், பீரோ மாதிரிப் பெரிய சாமானுக்கு இந்தக் கவுன்டர்களே வேண்டாம். காட்பாடி ஜங்ஷன் பார்சல் ஆபீஸ் அல்லது லாரி பார்சல் சர்வீஸ்தான் வழி. வண்டி என்றால் பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டு, ஆர்சி நகல், அடையாள அட்டை நகலோடு போக வேண்டும்.

9. சீட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

சீட்டின் பின்புறம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: தொலைந்தால் இவ்வளவுதான் பொறுப்பு என்று. பல சீட்டுகளில் அது பொருளின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. "கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்று நினைக்காதீர்கள். 1996-ல் பாரதி நிட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கையெழுத்திட்ட சீட்டில் இருந்த 100 டாலர் வரம்பு அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது.

எனவே விலையுள்ள பொருளுக்கு அறிவித்த மதிப்பு என்ற கட்டத்தில் உண்மை விலையை எழுதி, காப்பீட்டுக்குக் காசு கட்டி, அது பில்லில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சிலர் கட்டணம் குறையும் என்று 8,000 ரூபாய்ப் பொருளுக்கு 500 என்று எழுதுகிறார்கள். தொலைந்தால் அந்த 500-க்கு மேல் பேச வாய் இருக்காது.

லாரி பார்சலுக்கு விதி வேறு. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன்படி, மதிப்பை உயர்த்தி அறிவிக்காவிட்டால் பொறுப்பு கட்டணத்தின் பத்து மடங்குக்குள் நின்றுவிடும். வழக்குப் போடும் முன், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

சீட்டில் இருக்கும் எடை, பின்கோடு, இரண்டு போன் நம்பர் இவற்றை இலக்கம் இலக்கமாகப் படித்துவிட்டு அங்கேயே போட்டோ எடுங்கள். ஸ்பீட் போஸ்ட் என்றால் 13 எழுத்து எண்: இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ, என். ஒன்று குறைந்தாலும் டிராக்கிங் வராது.

10. முதல் தடவை ஒத்திகைப் பார்சல் போடுங்கள்

தொடர்ந்து அனுப்பப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தப் படி. அரை கிலோவுக்குள், போனாலும் கவலைப்படாத பொருளை அதே முகவரிக்குத் திங்களோ செவ்வாயோ அனுப்புங்கள். சனிக்கிழமை போட்டால் ஞாயிறு நடுவில் வந்து கணக்கைக் குழப்பும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி வாரங்களிலும் ஒத்திகை வேண்டாம். அந்த நாள்களில் எல்லாமே தாமதம்.

போய்ச் சேர்ந்த நாளை மட்டும் பார்க்காதீர்கள். புக்கிங்குக்கும் முதல் ஹப் ஸ்கேனுக்கும் எத்தனை மணி நேரம்? பெறுபவர் ஊர்க் கிளைக்கு வந்த பிறகு எத்தனை நாள் கிடந்தது? "ஆள் இல்லை" என்று பதிவு வந்தால் உடனே பெறுபவரிடம் கேளுங்கள், போன் வந்ததா என்று. வராமலே பதிவு போட்டிருந்தால், இன்னொரு கம்பெனிக்கு மாறிவிடுங்கள். முதல் இரண்டு தாமதத்தை மன்னிக்கலாம், பொய்ப் பதிவை மன்னிக்கக் கூடாது.

11. தவறிப் போனால்

பெறுபவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பெட்டி நசுங்கியோ டேப் பிரிந்தோ வந்தால், கையெழுத்துப் போடும் இடத்திலேயே "பெட்டி பிரிந்து வந்தது" என்று எழுதிவிட்டு, திறப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுக்க வேண்டும். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்ட பிறகு உடைந்தது என்று சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

புகாரைப் போனில் மட்டும் சொல்லாமல் மின்னஞ்சலில் சீட்டு போட்டோ, பில், வீடியோவோடு அனுப்புங்கள். தபாலுக்கு 1800 266 6868. தனியார் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி தலைமையகம் எங்கே இருந்தாலும் சரி. கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள். சீட்டில் அச்சிட்ட நம்பர் மட்டும். தேடலில் வரும் போலி நம்பர்காரன் "அட்ரஸ் அப்டேட் பண்ண 5 ரூபாய் கட்டுங்க" என்று லிங்க் அனுப்புவான், அல்லது நட்சத்திரக் குறியோடு ஒரு எண்ணை டயல் செய்யச் சொல்லி உங்கள் அழைப்புகளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான். காசு போய்விட்டால் அடுத்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். பார்சலைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.